மூன்றடி பார்டர்

நேற்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மகள். பெயிண்டர் ஒருவர். கூட இன்னொரு ஆள் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"ஒத்த ஆளாப்பா?" என்றேன்.

"பார்டர் தானங்க. டேப் ஒட்டினா ஆச்சு."

காகித டேப்பை ஒட்டினார், அதற்குக் கீழே அடித்தார், உரித்தார். கோடு நேராக இருந்தது. எனாமல் வாசனை மட்டும் பழையதுதான். அது வந்தால் எனக்கு ஏழுமலை வந்துவிடுவான்.

தொண்ணூறுகளில் நானும் பெயிண்டர். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஏழுமலை கீழ்பென்னாத்தூர்க்காரன், என் வயது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். மேலே வெள்ளை, கீழே மூன்றடிக்குப் பச்சை எனாமல். அதுதான் பார்டர். சாய்ந்து உட்காருகிறவர்களின் தலை எண்ணெய் சுவரில் ஏறாமலிருக்க. வெள்ளைக்காரர்கள் எண்ணெயே வைப்பதில்லை என்று பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குள் பத்து அறை முடித்திருந்தோம்.

பார்டருக்கு இரண்டு பேர் வேண்டும். தரையிலிருந்து மூன்றடி அளந்து, அவனவன் பக்கம் பென்சில் குறி வைப்போம். நீலத்தில் தோய்த்த நூலை ஆளுக்கொரு முனை இழுத்துப் பிடிப்போம். ஒருவன் சுண்டினால் கோடு விழும். ஆணியில் கட்டிக்கொண்டு ஒருவனே சுண்டலாமே என்பீர்கள். புதுச் சுவரில் ஆணி அடிக்க எந்த வீட்டுக்காரர் விடுவார்? எங்களுக்கும் இரண்டு பேராகப் போவது தோதாகத்தான் இருந்தது.

பதினோராவது அறைக்கு ஆள் முன்னாலேயே வந்துவிட்டார். பிரான்ஸ்காரர். கொஞ்சம் தமிழ் பேசுவார். பெட்டி மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இதுக்கு என்ன பேர்?" என்றார்.

"பார்டர்" என்றான் ஏழுமலை, கதவுப் பக்கம் குறி வைத்தபடி.

அவர் சிரித்தார். அந்தச் சொல் அவர்கள் ஊரிலிருந்து இங்கிலீஷுக்குப் போனதாம். முதலில் வெறும் மரப்பலகைதானாம். பிறகு கப்பலின் பக்கப் பலகை. பிறகு எல்லாவற்றின் ஓரத்துக்கும் அதுவே பெயராகிவிட்டதாம். "பலகை வரைக்கும் கப்பல். அப்புறம் கடல்" என்றார்.

"கப்பலே பாக்காத ஊருக்கு அதோட பலகை மட்டும் வந்துகீது பாரு மச்சான்" என்றான் ஏழுமலை. நான் சன்னல் பக்கம் அளவு டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தேன். அவன் சிரிப்பு நின்றது.

"நான் கப்பலுக்கே பெயிண்டு அடிக்கப் போறேன்டா. சிங்கப்பூர்ல. விசா வந்துட்ச்சு."

"எப்ப?"

"பௌர்ணமி கழிச்சி."

நான் குறி வைத்தேன். நூலைப் பிடித்தோம். அவன் சுண்டினான். நான் எனாமல் டப்பாவைத் திறந்தேன். பேசினால் போகாதே என்று சொல்லிவிடுவேன்.

பச்சை அடித்து முடித்து வாசலில் நின்று பார்த்தால், கோடு சன்னல் பக்கம் இறங்கியிருந்தது.

"போற நெனப்புல நீ குறிய ஏத்தி வெச்சிட்ட" என்றேன். "ஊரை வுட்டுப் போறவனுக்கு வேலை எதுக்கு?"

ஏழுமலை டேப்பை எடுத்துப் போய்க் கதவுப் பக்கம் பார்த்தான். சன்னல் பக்கம் பார்த்தான். டேப்பைச் சுருட்டினான்.

"ஆமா மச்சான். நான்தான்" என்றான்.

பிரான்ஸ்காரரோ, கப்பல் என்றால் சாயத்தான் செய்யும், இருக்கட்டும் என்றுவிட்டார். ஏழுமலையை வழியனுப்ப நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை.

இரண்டு கடிதம் போட்டான். கயிற்றில் தொங்கிக்கொண்டு கப்பலின் பக்கவாட்டில் பெயிண்ட் அடிப்பதாக எழுதியிருந்தான். நான் பதில் போடவில்லை. பிறகு கடிதம் நின்றது. அவன் வீட்டாரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கோணல் கோட்டைப் பற்றிக் கேட்கிறவர்களிடமெல்லாம் ஏழுமலை செய்தது என்றே சொல்லி வந்தேன்.

சில வருடம் கழித்து, ஓட்டல் கட்டுவதற்காக அந்த வரிசையை இடித்தார்கள். நான் போனபோது பத்து அறை தரைமட்டமாகியிருந்தது. கடைசி அறையில் அந்த ஒரு சுவர் நின்றது. பச்சை அப்படியே இருந்தது. பையில் டேப் இருந்தது.

கதவுப் பக்கம் அளந்தேன். சரியாக மூன்றடி.

சன்னல் பக்கம் அளந்தேன். இரண்டு அடி பதினோரு அங்குலம்.