இடது கைக்கு ஒரு பூவரசு வளையம்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவர் கணக்கு வாத்தியார். சிலருக்குத் திருச்சபையில் பக்கத்து இருக்கைக்காரர். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு, தெருவிளக்கு எரியாவிட்டால் முதல் ஆளாகப் புகார் கொடுக்கப் போகும் பெரியவர். மகள் என்ற முறையில் நான் எழுத நினைப்பது அவருடைய கடைசி வருடங்களைப் பற்றித்தான். ஆனாலும் முறைப்படி ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "ஸ்டெப்ஸ் எங்கே?" என்று கேட்டு அப்பாவே மார்க்கைக் குறைத்துவிடுவார்.

அப்பா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாய்மாமா ஒருவர் தாம்பரத்துக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போவாராம். பிறகு இங்கேயே ஆசிரியர் வேலை கிடைத்தது, இங்கேயே அம்மாவைக் கைப்பிடித்தார். யாரிடமும் எதற்கும் போய் நிற்க மாட்டார். கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் வட்டம் போடுவார் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் ஓர் ஆணி அடிக்கத் தெரியாது. காலண்டர் மாட்ட வேண்டுமென்றால் அம்மாதான் ஸ்டூல் மேல் ஏறுவார், அப்பா கீழே நின்று "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு மரவேலையில் இறங்கினார். காரணம் என் மகள் ஜெனி.

ஜெனி குறைமாதத்தில் பிறந்தவள். நடக்கக் கொஞ்சம் தாமதமானாலும் நடந்துவிட்டாள். இடது கைதான் எப்போதும் இறுக மூடியே இருந்தது. "பிடிக்கறதுல இவளுக்குப் பிரச்சினை இல்லை சார். பிடிச்சதை விடத்தான் வரலை" என்று பிசியோதெரபி செய்த பெண் அப்பாவிடம் சொன்னார். ஒரு குச்சியில் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கும் பொம்மையை வாங்கிக் கொடுக்கச் சொன்னார். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வளையம் மெலிசு. அதைப் பிடித்தால் விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும், நாங்கள்தான் பிரித்தெடுக்க வேண்டும். தடிமனாக இருந்தால் விரல்கள் பாதி திறந்தபடியே நிற்கும், விடுவது சுலபம் என்றார் அந்தப் பெண். ஜெனி பள்ளிக்கூடம் போவதற்குள் அந்தக் கை தானாகத் திறக்க வேண்டும் என்பதே எங்கள் வீட்டின் ஒரே ஜெபமாக இருந்தது. அப்பா ஜெபத்தோடு நிற்கவில்லை, தடிமனான வளையங்களைத் தானே மரத்தில் செய்யக் கிளம்பினார்.

முதலில் அளவு. அம்மா பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைத் திருடிக்கொண்டு வந்து ஜெனியின் இடது கைக்குள் வைத்தார்.

"மாவை எடுத்துட்டுப் போய் என்ன பண்றீங்க?" என்றார் அம்மா.

"அளவு எடுக்கறேன்."

"நல்லா எடுங்க. ராத்திரிக்கு அந்த அளவையே சாப்பிடுங்க."

பிடி பதிந்த மாவை வெயிலில் காய வைத்து, அதன் தடிமனைக் குறித்துக்கொண்டு, திருமுடிவாக்கத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கும் தன் பழைய மாணவர் சேகரிடம் போனார். கூடவே ஒரு வேப்பம்பலகை. வேம்பு என்றால் பூச்சி வராது, கிருமி அண்டாது, குழந்தை வாயில் வைத்தாலும் நல்லது என்பது அப்பாவின் கட்சி. பட்டறையில் டிரில் மெஷினில் வட்டம் வெட்டும் கட்டர் உண்டு; அதன் நடுவிலுள்ள முள் மரத்தில் ஊன்றி நின்றால்தான் அது வட்டமாகச் சுற்றும். முதலில் நடு ஓட்டையைப் போடச் சொன்னார் அப்பா. போட்டாயிற்று. பெரிய கட்டரை வைத்தால் அது நிற்காமல் வழுக்கி ஓடியது.

"சார், நடுவுல முள்ளு ஊணத்தான் இடமே இல்லையே. ஸ்லிப் ஆவுது" என்றார் சேகர்.

அப்பா பலகையைத் தூக்கி அந்த ஓட்டை வழியாகப் பார்த்தாராம். பிறகு, "மையத்தை நானே தூக்கிப் போட்டுட்டேன்டா சேகர். இத்தனை வருஷம் என்னத்தைச் சொல்லிக் கொடுத்தேன்?" என்று சிரித்திருக்கிறார். அடுத்த பலகையில் வெளிவட்டத்தைப் பாதி ஆழம் வெட்டி, பிறகு உள்வட்டத்தை முழுக்க வெட்டி, கடைசியில் ஏற்கெனவே விழுந்த பள்ளத்தின் வழியே வெளிவட்டத்தை முடித்தார்கள். வளையங்கள் வந்துவிட்டன.

அந்த வளையங்கள் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. ஜெனி இடது கையால் ஒன்றைப் பிடித்து நேராக வாய்க்குக் கொண்டு போனாள். கசப்பு. முகம் சுளித்து உதறினாள். வேண்டாத அந்த வளையம் கையை விட்டுப் போகவில்லை. உதற உதற விரல்கள் இன்னும் இறுகின. குழந்தை தன் கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அப்பா ஓடிப்போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை எடுத்தார். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுவாரம் மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டில், காற்றில் விழுந்த பூவரசு ஒன்று அறுபட்டுக் கிடக்கிறது என்று சபையார் ஒருவர் சொன்னார். அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டு, உலர்ந்த துண்டுகளாகப் பார்த்து வாங்கி வந்தார். வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தானே நக்கிப் பார்த்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சேகர் மறுபடி வெட்டிக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மட்டும் தன் வேலை என்று அப்பா யாரையும் தொட விடவில்லை. போர்ட்டிகோவில் உட்கார்ந்து தேய்ப்பார், வளையத்தைத் தன் கன்னத்தில் உருட்டிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். வார்னிஷ் கிடையாது, தேங்காய் எண்ணெய்தான்.

ஜெனிக்கு அந்த வளையங்கள் பிடித்துப்போயின. இடது கையால் எடுப்பாள், குச்சியில் கோப்பாள், அங்கே கை வளையத்தை விடாமல் நின்றுவிடும். நாங்கள் விரலைப் பிரிக்கப் போனால் அப்பாவுக்குக் கோபம் வரும். "கையை எடு. பதில் தெரிஞ்ச பிள்ளைகூட வாத்தியார் முறைச்சா எழுதாது" என்பார். அவர் மட்டும் எதிரே உட்கார்ந்து காத்திருப்பார். காப்பி ஆறிப்போகும். கடைசியில் குழந்தையே வலது கையால் இடது கையை இழுத்துக்கொள்வாள். தினமும் இதே கதைதான். அப்பா எதைக் கொடுத்தாலும் அவளுடைய இடது கையில்தான் கொடுப்பார். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

இதற்கிடையில் அப்பாவின் இதயம் பலவீனப்பட்டது. ஆஸ்பத்திரியில் சில நாள், வீட்டில் சில நாள் என்று இழுத்துக்கொண்டிருந்தார். கடைசியாக வீட்டுக்கு வந்தபோது ஜெனி பொம்மையைக் கட்டிலுக்கே கொண்டு போனாள். அன்றும் கை திறக்கவில்லை. "பரவாயில்லடா. நாளைக்குப் பார்ப்போம்" என்றார் அப்பா. மறுநாள் விடிவதற்குள் ஆண்டவர் அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார்.

அப்பாவைக் கண்ணுங்கருத்துமாகக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், பட்டறையை மூடிவிட்டு வந்து எங்களோடு நின்ற சேகருக்கும், மரம் தந்த மாடம்பாக்கம் குடும்பத்தாருக்கும், ஜெபத்தாலும் சாப்பாட்டாலும் எங்களைத் தாங்கிய சபையாருக்கும், உறவினர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு முடித்ததும் ஜெனியைத் தூக்கிக்கொண்டு போனோம். வலது கையால் என் கணவரின் சட்டையைப் பிடித்திருந்தாள். நான் பழக்கத்தில் இடது கையில் மண்ணை வைத்தேன். குழிக்கு மேலே கையை நீட்டினாள், அது மூடியபடியே நின்றது. பின்னால் யாரோ நேரமாகிறது என்றார்கள். விரலைப் பிரிக்க நான் கையை நீட்டினேன். அப்போது குழி மூடுவதற்காக மண்வெட்டியோடு நின்றவர், "இரும்மா. கொயந்த அதுவா போடட்டும். எனுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். எல்லோரும் நின்றோம். சுண்டுவிரல் முதலில் அசைந்தது. பிறகு மற்ற விரல்கள். மண் அப்பாவின் மேல் விழுந்தது. ஜெனி விரிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்பா அதைப் பார்க்கவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. மண்வெட்டியோடு நின்ற அந்த மனிதரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பா இருந்திருந்தால் எப்படிக் காத்திருப்பாரோ அப்படி என் மகளுக்காகக் காத்திருந்த அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.