கல் உடைவதற்கு முன்

திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் கல் உடைத்துக்கொண்டிருந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வே அதுதான். விரல் நீளக் கருங்கல் துண்டை இயந்திரத்துக்குள் நிறுத்தி, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். உடையும் கணத்தில் கல்லிலிருந்து எலக்ட்ரான்கள் தெறிக்கும், மங்கலாக ஒளி வரும், ரேடியோ அலைகூடக் கிளம்பும். அறையை இருட்டாக்கினாலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கருவிகள்தான் பிடிக்கும்.

கற்களைக் கொண்டுவந்து தருவது என் அண்ணன். புதுக்கோட்டை போகும் வழியில், குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில், பாறையில் துளை போடும் மிஷினில் வேலை பார்த்தான். சிமெண்டுச் சாக்கில் கல்லைச் சுற்றி பஸ்ஸில் எடுத்து வருவான்.

“நானும் கல்லுதான் ஒடைக்கிறேன், நீயும் கல்லுதான் ஒடைக்கிறே. ஒனக்கு மட்டும் ஃபேனுக் காத்து” என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கல் உடைவதற்கு முன்பே சத்தம் எழுப்பத் தொடங்கிவிடும் என்று சொன்னேன். உள்ளுக்குள் நுண்ணிய விரிசல்கள் விழும்போது வருகிற சத்தம். காதுக்கு எட்டாது, கல்லில் ஒட்டிய சென்சாரில் பதியும். உடையும் நேரம் நெருங்க நெருங்க அதிகமாகும். அண்ணன் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னான். அண்ணிதான் கரண்டியைப் பிடித்தபடி நின்று முழுதும் கேட்டாள்.

அந்த ஆவணியில், மழை விட்ட ஒரு காலையில், குவாரிச் சுவரிலிருந்து ஒரு பாறைப் பாளம் பெயர்ந்து அண்ணன் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒடையிறதுக்கு முன்னாடி கல்லு சத்தம் குடுக்கும்னு சொன்னீங்கள்ல. அன்னைக்கும் குடுத்துருக்குமா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை.

“குடுத்துருக்கும் அண்ணி.”

“அவுகளுக்குக் கேட்டுருக்குமா?”

“இல்ல. மனுசக் காதுக்குக் கேக்காது.”

“அப்ப ஒண்ணும் தெரியாமத்தான் போயிருக்காக” என்றாள். அது அவளுக்கு ஆறுதலா, இன்னொரு வலியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பியும் வேலை ஓடவில்லை. மேசைக்கு அடியில் அண்ணன் கடைசியாகக் கொண்டுவந்த கற்கள் கிடந்தன. பேராசிரியர் ஒன்றும் கேட்காமல், கொஞ்ச நாளைக்குக் கண்ணாடியை உடைத்துப் பாருங்கள் என்றார். பார்த்தேன். கண்ணாடியும் உடைவதற்கு முன்பே இயந்திரத்தை நிறுத்திவிட்டேன்.

தை பிறந்த பிறகு அண்ணி போன் செய்தாள். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள். சொன்னபடி ஒரு மத்தியானம் தனியாக பஸ் ஏறி வந்தாள். அண்ணன் தந்த கல்லைத் தொடாமல், வேறொரு துண்டை வைத்தேன். சென்சார் பதிவதைக் காதுக்குக் கேட்கும்படி ஸ்பீக்கருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு டிக் என்று ஒன்று. இடைவெளி விட்டு இன்னொன்று. போகப் போக எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் நெருக்கமாகக் கேட்டது. அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“போதும். நிப்பாட்டுங்க.”

நிறுத்தினேன். கல் உடையவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த மிஷின அங்க வைக்க முடியாதா?”

“பெரிய பெரிய சுரங்கத்துல வைக்கிறாங்க அண்ணி. சத்தம் கூடுனா ஆளுகள வெளிய வரச் சொல்லிருவாங்க.”

“இங்கிட்டு வைக்கல” என்றாள்.

“வைக்கல.”

டீ வேண்டாம் என்றுவிட்டாள். பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம். புதுக்கோட்டை பஸ் புறப்பட்டபோது, ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தவள் சீக்கிரம் விடவில்லை.