சோயாவுக்குக் குரல் கொடுத்தேன்

எனக்குப் பிரெஞ்சு கற்றுத் தந்தவர்களில் ஒருவருக்கும் நான்கு வயதுக்கு மேல் இல்லை. செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை. அவர்களோடு கதைத்துக் கதைத்தே மொழி வந்தது. ஆகையால் "கையைக் கழுவு", "வாயில் வைக்காதே", "அழாதே என் குஞ்சே" என்பவை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வங்கிக்குப் போனால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

2008 வசந்தத்தில் ஒரு மாலை, மகனைக் கூட்டிப்போக வந்த ஜொசே, நான் பிள்ளைகளை அதட்டுவதைச் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டவுன்டவுனில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர். மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டுச் சோயா விவசாயிகளுக்காக வானொலி அறிவிப்புகள் தயாரிப்பவர்.

"உங்கள் குரல் தெளிவாக இருக்கிறது, மாக்கிரட். எங்களுக்காகப் பேசுவீர்களா?"

உடனே சம்மதித்தேன். என்ன பேசவேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் என் கணவர் அருமைநாதனிடம் சொன்னேன்.

"நீர் பிரெஞ்சு கதைச்சா மூண்டு வயசுப் பிள்ளையளுக்குத்தான் விளங்கும்," என்றார்.

பொறாமை என்று முடிவு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த எல்லோருக்கும் செய்தியைச் சொன்னேன். பதிவு நாளன்று பட்டுச்சேலை கட்டி, அதன்மேல் கோட் போட்டு, மெட்ரோவில் ஏறினேன். வானொலியில் சேலை தெரியாது என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜொசே எனக்கு ஒரு பொட்டலம் காட்டினார். உள்ளே கறுப்புத் தூள். அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறதாம். விதையோடு கலந்து விதைத்தால், வேரில் சின்னச் சின்ன முடிச்சுகளாகக் குடியேறி, காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்துச் செடிக்கு ஊட்டும். உர மூட்டை வாங்க முடியாதவருக்கும் விளைச்சல் கூடும். வெயில் பட்டால் மட்டும் செத்துப்போகும்.

அவர் சொன்னது நன்றாக விளங்கியது. தாளில் எழுதியிருந்ததுதான் வாயில் நுழையவில்லை. விஞ்ஞானச் சொல் வரும் இடமெல்லாம் தடுக்கி விழுந்தேன். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் நெற்றியைத் தடவத் தொடங்கினார்.

ஜொசே தாளை வாங்கி மடித்தார். "பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்களேன்."

"என் குஞ்சுகளே, விதையைச் சீனித் தண்ணீரில் கொஞ்சம் நனையுங்கள். இப்போது தூளைப் போட்டு மெதுவாகப் பிரட்டுங்கள். ஐயோ, வெயிலில் வேண்டாம், மரத்தடிக்கு வாருங்கள். எல்லா விதையும் கறுத்துவிட்டதா? கெட்டிக்காரர். உடனே விதைத்து மண்ணால் போர்த்துவிடுங்கள். நாளைக்கு வைத்தால் பாவம், செத்துப்போகும். இனிக் கையைக் கழுவலாம்."

ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். வீட்டுக்கு வந்து யோசித்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. பேரப்பிள்ளை கண்டவர்களை அல்லவா குஞ்சுகளே என்று கூப்பிட்டிருக்கிறேன்.

"என்னப்பா, பதிவு எப்பிடி?" என்றார் கணவர்.

"நல்லாப் போச்சுது. களைப்பா இருக்கு," என்று படுத்துவிட்டேன்.

மார்கழியில் ஒரு காலை ஜொசே சிரித்துக்கொண்டே சமையலறைக்கு வந்தார். அறுவடைச் செய்தி வந்திருந்தது. அங்குள்ள அறிவிப்பாளர்கள் நான் சொன்னதை ஊர் மொழிகளில் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் சனங்கள் முதலில் 'அந்த ஆயா'வைப் போடச் சொல்லிக் கேட்டார்களாம். யாராவது வெயிலில் நின்று விதை கலந்தால், பக்கத்து வயல்காரர் "குஞ்சே, மரத்தடிக்கு வா" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்களாம். தூள் கலந்த வயல்கள் பலவற்றில் விளைச்சல் நன்றாகக் கூடியிருந்தது. சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது என் குரலால் இல்லையே?" என்று கேட்டேன்.

"இல்லை, இல்லை. பொட்டலம் வழியில் சூடேறியிருக்கும்."

"அப்ப அடுத்த வருசமும் நான்தானே?"

ஜொசே மேசையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அடுத்த வருடம் அங்கேயே ஒரு விவசாயப் பெண் தன் மொழியில் பேசப்போகிறாராம். அவருடைய வயலில்தான் அமோக விளைச்சலாம்.

மிகச் சரியான முடிவு என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அன்றைய சூப்பில் உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு வாயோடு கோப்பையைத் தள்ளிவிட்டு, பாண் ரொட்டியை மட்டும் சாப்பிட்டார்கள்.