அக்கா விடுதி

அவர் எப்போதும் கீழிருந்து மேலேதான் படிப்பார். கேம் கம்பெனியிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மெயிலைத் திறந்ததும் கட்டைவிரல் சரசரவென்று அடிமட்டத்துக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு பத்தியாக மேலே ஏறுவார். "நல்ல சேதியை மேல வெச்சிருப்பான். தள்ளிப்போகுதுங்கறதைக் கடைசியில ஒளிச்சு வெச்சிருப்பான். முதல்ல அடியை வாங்கிட்டா, அப்புறம் ஒத்தடம் சுகமா இருக்கும்" என்பார். இதைச் சொல்லும்போது இடது கையில் போன் இருக்கும். வலது கையில் யாரோ ஒருவருடைய கீழ்வரிசை, இளஞ்சிவப்பு மெழுகில் பாதிப் பற்கள் நட்டபடி இருக்கும்.

அவர் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். முப்பது வருஷமாக அதே நீள மேஜை, அதே ஸ்பிரிட் விளக்கு, ஜன்னலோரம் வரிசையாகக் காயும் ஊரார் வாய்களின் அச்சுகள். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு நிற்கும். தெருப் பிள்ளைகள் 'பல்லு மாமா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபப்பட மாட்டார். யார் எதிரில் வந்தாலும் பார்வை முதலில் வாய்க்குத்தான் போகும். "என்னை முதல்ல பார்த்த அன்னிக்கே என் கடவாய்ப் பல்லைப் பத்தித்தான் பேசினார், அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஐம்பத்துநாலு வயதில் கேம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். அப்புறம் அரை மணி நேரம் உங்களை விடமாட்டார். இது கண்டவனைச் சுட்டுத் தள்ளுகிற சமாசாரம் அல்ல. ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, துணைக்கு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராக நடந்து, வழியில் பார்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, அடிபட்டு, தேறி, மறுபடி நடக்கிற பெரிய கதை. அதைச் செய்பவர்கள் எங்கோ தூர தேசத்தில் ஏழே பேர். அவர்களுக்குப் பின்னால் முதலாளி யாரும் கிடையாது. ஆடப்போகிறவர்களே ஆளுக்குக் கொஞ்சம் பணம் முன்கூட்டிக் கொடுத்தால் வேலை நடக்கும். முதல் பாகம் அப்படித்தான் வந்தது. அதோடு சேர்த்து ஆட ஒரு எக்ஸ்பான்ஷன், அதாவது புதிதாக ஒரு பனிநாடு, வருவதாகச் சொன்னார்கள். கைகொடுத்தவர்களுக்கு வீட்டுக்கே ஒரு பெட்டி வரும். அதில் துணியில் அச்சடித்த வரைபடம், கெட்டி அட்டைப் புத்தகம், ஒரு அரக்கன் பொம்மை எல்லாம் இருக்கும். சொல்லி மூன்று வருஷம் ஓடிவிட்டது.

எதிர்பார்ப்பு மட்டும் குறையவில்லை. ரசிகர்கள் கூடிப் பேசும் பக்கத்தில் ஒருவர் படகு வேண்டும் என்பார், ஒருவர் நாய்க்குட்டியை விடுதிக்குள் விடவேண்டும் என்பார். நம் ஆள் கேட்டது ஒன்றுதான்: அரக்கனின் தாடையைச் சரிசெய்யுங்கள். "மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரவே சேராது சார். இவன் எப்படி ஊரைக் கடிச்சுத் தின்னான்? கஞ்சிதான் குடிக்க முடியும்" என்று படம் வரைந்து, அளவு போட்டு எழுதினார். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு.

ஆடுவது அவர் ஒருவர் என்று நினைத்தால் தப்பு. மவுஸ்தான் அவர் கையில். முடிவெல்லாம் அக்கா கையில். கீழ்வீட்டில் இருக்கும் அக்கா ஆறு வயது மூத்தவள், முப்பத்துநாலு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டே மாடிக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாளானால் அது விளையாட்டு அறை இல்லை, வார்டு. "இவனுக்குக் கால்ல அடிபட்டிருக்கு. இவனைக் கொண்டு போய் முன்னால நிறுத்தறியே, புத்தி இருக்கா?" என்பாள். விடுதி கண்ணில் பட்டுவிட்டால் எல்லாரையும் படுக்கப்போட்டுத் தேற்றாமல் ஒரு அடி நகரவிட மாட்டாள். அரக்கன் மலையிறங்கி வந்துகொண்டிருப்பான். இங்கே இவர்கள் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள்.

அந்த விடுதிப் பைத்தியம்தான் அவரை வம்பில் கொண்டுபோய் விட்டது. எக்ஸ்பான்ஷனுக்குக் கூடுதலாகக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு சலுகை அறிவித்தார்கள். பனிநாட்டில் ஒரு விடுதிக்கு நீங்கள் சொல்லும் பெயரை வைப்போம், உலகத்தில் யார் ஆடினாலும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்றார்கள். இவர் சும்மா இருந்திருக்கலாம். அக்காவின் ஓய்வு விழாவில், வார்டு மொத்தமும் உட்கார்ந்திருக்க, மைக்கை வாங்கி "அக்கா பேர்ல ஒரு விடுதி திறக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் சின்னவர் பெரியவர் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் பெயர் 'அக்கா விடுதி' என்றும் விளக்கினார். பாதிப் பேர் நிஜமாகவே லாட்ஜ் கட்டுகிறார்கள் என்று நம்பிக் கைதட்டினார்கள். அத்தனை பாராட்டுப் பேச்சுக்கும் முகம் மாறாமல் இருந்த அக்கா, இதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். வீடு திரும்பும்போது, "எனக்குன்னு ஒண்ணு, அதுல என் பேரு. நல்லாத்தான் இருக்குடா" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகவே அவர் அந்த விடுதியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பிறகு வீட்டு முகவரியும் விடுதியின் பெயரும் கேட்டு ஒரு படிவம் வந்தது. கடைசி நாள் வரை ஆற அமர நிரப்பலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசி நாளன்று பட்டறையில் நின்றுகொண்டே நிரப்பினார். கையில் மாவு. காதில் ஒரு டாக்டர், "நீங்க அனுப்பின செட்டு உயரமா இருக்கு, பேஷண்ட் வாயை மூடவே முடியலை" என்று கத்திக்கொண்டிருந்தார். முகவரிக்குக் கீழே, பெட்டி கொண்டுவருபவருக்கு அடையாளம் சொல்ல ஒரு கட்டம் இருந்தது. அதற்கடுத்து விடுதியின் பெயருக்கு ஒரு கட்டம். இவர் முதல் கட்டத்தில் 'அக்கா விடுதி' என்று போட்டார். இரண்டாவதில், அவர் வீட்டு மணி இரண்டு வருஷமாக ஊமையாகக் கிடப்பதால், 'மணி வேலை செய்யாது, கதவைப் பலமாகத் தட்டவும்' என்று போட்டார். போட்டு அனுப்பியும் விட்டார். மறுநாள் அவர்கள் அனுப்பிய நகலைப் பார்த்தபோதுதான் கட்டம் மாறியது தெரிந்தது. அதற்குள் படிவத்தைப் பூட்டிவிட்டார்கள்.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஒன்றல்ல, ஒன்பது. முதல் இரண்டு கடிதங்கள் மரியாதையாக, சுருக்கமாக இருந்தன. மூன்றாவதிலிருந்து மனசு தாங்காமல் நீண்டுகொண்டே போயின. அக்கா யார், என்ன செய்தாள், ஏன் அந்தப் பெயர்தான் வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். ஒவ்வொன்றுக்கும் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று இயந்திரம் ஒரு வரி அனுப்பியது. மனிதர் யாரும் எழுதவில்லை.

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றரை வருஷம் இப்படியே ஓட்டினார். அவளோ ஞாயிறு தவறாமல் அந்த விடுதியைக் கட்டிக்கொண்டே இருந்தாள். ஜன்னல் கிழக்குப் பக்கம் இருக்கணும், படுக்கைக்குப் படுக்கை கைநீட்டும் தூரம் விடணும், வெந்நீர் எந்த நேரமும் இருக்கணும் என்பாள். இவர் மவுஸைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். "சொல்லித் தொலைங்களேன்" என்று மனைவி நச்சரித்தாள். "பெட்டி வரட்டும், சொல்றேன்" என்றார். உள்ளுக்குள் பெட்டி வராமலே போகட்டும் என்றிருந்தது. ஒவ்வொரு மாதமும் தாமதம் என்று மெயில் வந்தால் ரசிகர் கூட்டம் மொத்தமும் கொதிக்கும். நிம்மதியாக மூச்சு விட்டவர் அவர் ஒருவர்தான்.

போன புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"டேய், உன் பெட்டி வந்துடுச்சு. பாவம் அந்தக் கொரியர்காரன், அக்கா விடுதி எங்க, அக்கா விடுதி எங்கன்னு தெருத்தெருவாச் சுத்தியிருக்கான். இந்தப் பக்கம் லாட்ஜே கிடையாதுன்னு எல்லாரும் விரட்டியிருக்காங்க. நான் வாசல்ல நின்னேன், நல்லதாப் போச்சு. அக்கா நான்தான்பா, விடுதிதான் இன்னும் திறக்கலைன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

அவர் ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைத்தார்.

"பெட்டி மேலேயே பேர் போட்டிருக்கான்டா. எவ்வளவு மரியாதை பாரு" என்றாள் அக்கா.

"பிரிக்காதே. இதோ வர்றேன்" என்று போனை வைத்தார். மெழுகில் நட்டுக்கொண்டிருந்த முன்பல் இரண்டு கழன்று மேஜைக்கு அடியில் ஓடின. குனிந்து எடுக்கக்கூட இல்லை.

கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, நடுவில் பெட்டியை வைத்து, பக்கத்தில் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு அக்கா கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவியும் இறங்கி வந்து சுவரோரம் நின்றாள். அவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். அப்புறம் இன்னொரு தடவை கழுவினார்.

"எவ்வளவு நேரம்டா கழுவுவே? ஆபரேஷனா பண்ணப் போறே?"

"அக்கா, பிரிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். படிவத்துல கட்டம் மாறிப்போச்சு. உன் பேரு அட்ரஸ்ல போயிடுச்சு. அதான் பெட்டி மேல வந்திருக்கு."

"அப்போ விடுதிக்கு?"

"மணி வேலை செய்யாது, கதவைப் பலமாகத் தட்டவும்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அக்கா சிரிக்கவில்லை. முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"ஒன்றரை வருஷமா."

"ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கணும்னுகூடச் சொன்னேனே. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தியா?"

அக்கா கத்தரிக்கோலை அவர் பக்கம் தள்ளினாள். "நீயே பிரி" என்றாள்.

பிரித்தார். அவர் மூன்று வருஷமாகக் கனவு கண்ட துணி வரைபடத்தை மடிப்புக்கூட விரிக்காமல் ஓரமாக வைத்தார். பொம்மையையும் வைத்தார். புத்தகத்தின் பின்பக்கம் விடுதிகளின் பட்டியல் இருந்தது. பனிச்சாலை ஓரமாக ஒரு மரவீட்டின் படம், வாசலில் ஒரு விளக்கு, விளக்குக்கு மேலே பலகை. அவர் எழுதியது எழுத்துப் பிசகாமல் அந்தப் பலகையில் இருந்தது. மானம் போயிற்று என்று புத்தகத்தை மூடப்போனார். அக்கா விரலை நடுவில் கொடுத்துத் தடுத்தாள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி வாய்விட்டுப் படித்தாள்.

"பனிச்சாலையின் கடைசி விடுதி. பெயர் விநோதமாக இருக்கிறதே என்று யோசிக்காமல் தட்டுங்கள். திறப்பவளை எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறார்கள். வந்தவன் வீரனா திருடனா என்று அவள் கேட்பதில்லை, எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்பாள். முன்பொரு சமயம் அவளுடைய தம்பி காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, மூன்று நாள் படுக்கையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள். அதைப் பற்றி அவளிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்."

அக்கா என்ற சொல்லைத் தங்கள் மொழிக்கு மாற்றாமல் அப்படியே அச்சடித்திருந்தார்கள். அப்படியானால் அந்த ஒன்பது கடிதங்களையும் யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து படித்திருக்கிறார். அப்பாடா என்று அவருக்குள் ஏதோ இறங்கியது. ஒன்றரை வருஷமாகத் தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் தாமாகத் தாழ்ந்தன. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை.

அக்கா அந்தப் பத்தியை இரண்டாம் முறை, இந்தத் தடவை மனசுக்குள், விரல் வைத்துப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இதெல்லாம் யார் சொன்னது அவங்களுக்கு?"

"நான்தான். லெட்டர்ல எழுதினேன்."

"மூணு நாள் இல்லைடா. நாலு. நீ மயக்கத்துல கிடந்தே, உனக்கு எங்கே தெரியும்?"

சொல்லிக்கொண்டே ஜன்னல் கட்டையில் கிடந்த பேனாவை எட்டி எடுத்தாள். நோயாளியின் குறிப்பில் பிழை திருத்துகிற அதே கையால், அந்தப் புத்தம்புதுப் புத்தகத்தில் மூன்றை ஒரே கோட்டால் அடித்து, மேலே நான்கு என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகத் தன் கையெழுத்தையும் போட்டாள். பேனா சறுக்காமல் இருக்க, அவர் இரண்டு கையாலும் பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.