மீன் பிடிக்காத வலை

வெள்ளைக்காரன் ஆண்டபோது நடந்த உலகச் சண்டைக் காலத்தில் நாங்கள் ராணுவத்துக்கு வலை பின்னினோம் என்று சொன்னால், என் பேரப்பிள்ளைகள்கூட நம்புவதில்லை. இருட்டிய பிறகு கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் புருஷனின் கட்டுமரம் பாதி நாள் மணலில் கிடந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். ராயபுரத்துக் கிடங்கு ஒன்றில் வலை பின்னத் தெரிந்த பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றேன்.

கிடங்கை நடத்தியவர் தெற்கேயிருந்து வந்த வியாபாரி. அவர் காட்டிய வலையின் கண்ணுக்குள் என் கையே நுழைந்தது.

"இதுல இன்னா மீனு நிக்கும், மொதலாளி?"

"மீனுக்கு இல்ல, தாயி. பீரங்கிய மூடுறதுக்கு. மேல பறக்கவன் கண்ணுக்குத் தெரியக் கூடாதுல்லா?"

பின்னிய வலையைக் கம்பங்களில் தொங்கவிடுவார்கள். பச்சை, பழுப்புச் சாயம் போட்ட கோணித் துண்டுகளை நின்றபடியே அதில் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். முதல் நாள் பொழுது சாயும்வரை வரிசை பிசகாமல் கட்டினேன். பார்க்க வந்த வெள்ளைக்காரச் சிப்பாய் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதை முதலாளி எனக்குச் சொன்னார்.

"வரிசையா இருந்தா மனுசன் கட்டுனதுன்னு மேலேருந்து தெரிஞ்சிருமாம். எல்லாத்தையும் அவுத்துட்டு, தாறுமாறாக் கட்டு."

அவிழ்த்தேன். தாறுமாறாகக் கட்டுவது அதைவிடக் கஷ்டம். கை தானாக வரிசைக்கே போகும். ஒவ்வொரு முடிச்சுக்கும் யோசிக்க வேண்டும். கோணித் தூசியில் இருமல் பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேரும்போது கால் மரத்திருக்கும்.

"இன்னாமே, கையி பச்சயா கீது?" என்றார் புருஷன்.

"சாயம். தேச்சாலும் போவல."

"செரி, நீ குந்து. புள்ளைங்களுக்கு நான் சோறு போட்றேன்."

அதற்கு முன் அவர் சட்டியில் கை வைத்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் கிழிந்த வலைகளைத் தைக்க எங்களில் நான்கு பேரை லாரியில் எண்ணூருக்குக் கூட்டிப் போனார்கள். இறங்கினால் வெறும் மணல்மேடும் புதரும்தான்.

"பீரங்கி எங்க?" என்று கூட வந்தவளைக் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? ஒண்ணியும் காணோமே."

பத்தடி நடந்திருப்போம். எதிரே இருந்த புதருக்குள்ளிருந்து தேநீர்க் குவளையோடு ஒரு கை வெளியே வந்தது. அவள் அலறிவிட்டாள். உள்ளே ஆட்கள் சிரித்தார்கள். குனிந்து பார்த்தேன், கறுப்பாக நீண்ட குழல் தெரிந்தது. எங்கள் முடிச்சுகள் இத்தனை பெரிய இரும்பை மறைத்துவிட்டனவா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று வெயிலில் உட்கார்ந்து தைத்த களைப்புதான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது.

சண்டை முடிந்து சில நாட்களில், காலையில் போனபோது கிடங்கு பூட்டியிருந்தது. வாசலில் முதலாளி நின்றார்.

"இனி வேல இல்ல, தாயி."

வருத்தமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி, பட்டப்பகலில் பாயை விரித்தேன். புருஷன் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். சாயங்காலம் அவர்கள் வந்து எழுப்பும்வரை தூங்கினேன்.