திருப்பினால் வெளுக்கும் கல்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. விருதுநகருக்குப் போய் முறை தவறாமல் டயாலிசிஸ் செய்தால்தான் உயிர். பந்தல்குடிப் பக்கம் ஒரு ஜோசியர், ஏழரைச் சனி, நீலக்கல் போடு என்று சொல்லிவிட்டார். அவர் வாயில் மண்ணைப் போட. இவரும் எங்கிருந்தோ ஒரு கல்லை வாங்கிவந்து, எங்கள் பக்க வழக்கப்படி நீலத்துணியில் முடிந்து மூன்று ராத்திரி கையில் கட்டிப் படுத்தார். கெட்ட கனவு வந்தால் அந்தக் கல் ஆகாது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இவருக்கு ஒரு கனவும் வரவில்லை.

“கல்லு எனக்கு ஒத்துக்கிருச்சு. இனி ஊசி வேணாம்” என்றார்.

அதற்கப்புறம் பஸ் ஏறவில்லை. கால் வீங்கியது, முகம் வீங்கியது, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. கத்தினேன், அழுதேன், பட்டினி கிடந்தேன். மனிதர் அசைய வேண்டுமே. மோதிரமாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னையே அருப்புக்கோட்டைக்கு விரட்டினார்.

கல் பதிக்கும் கடைக்காரர் அதை இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். கத்தரிப்பூ கலந்த நல்ல நீலம். லேசாகத் திருப்பினார். நீலம் போய், வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி வெளுத்தது. மறுபடி திருப்பினார், நீலம் வந்தது.

“தாயி, இது நீலம் இல்ல. அயோலைட்டும்பாங்க. கரூர்ப் பக்கமே கெடைக்கும். அழகான கல்லுதான், ஆனா பாக்குற பக்கத்துக்கு ஒரு நெறம் காட்டும். நெசமான நீலம் இப்புடி வெளுக்காது. இது அதவிட மெதுவான கல்லு, அடி பட்டா பிளந்துக்கிரும்.”

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? நீலமில்லை என்று தெரிந்துவிட்டால் இவர் ஆஸ்பத்திரிக்கு வந்துதானே ஆக வேண்டும். கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடிவந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண்முன்னாலேயே திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

“பாத்தீகளா? இது நீலமே இல்லையாம். கெளம்புங்க, விருதுநகர் பஸ்ஸு வார நேரந்தான்.”

கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பல நாள் கழித்து முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

“அதான பாத்தேன். கல்லு தப்பு, அதான் ஒடம்பு கேக்கல. நெசமான நீலம் எங்க கெடைக்கும்னு அவுககிட்ட கேட்டியா?”

வீங்கிய அந்தக் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினேன். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்து, நின்று, கிளம்பிப் போனது. அவர் மூச்சு வாங்க வாங்க, “மதுரையில கேட்டுப் பாப்பமா?” என்றார்.