தனுவச்சபுரத்தில் மிச்சமிருந்த பத்துப் படங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரிக் காலை, நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறிப் பாறசாலையில் இறங்கினேன். திருநெல்வேலியில் எனக்கு ஒரு ஸ்டுடியோ உண்டு. வருடக்கணக்காகக் கல்யாண வீடுகளில் "இங்கே பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. போட்டிகளுக்கு அனுப்பிய படங்களெல்லாம் திரும்பி வந்தன. அவற்றைப் பார்த்து, எடுத்தவன் யார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கல்யாணமே இல்லாமல் ஒரு நாள் சுற்றினால் ஏதாவது பிடிபடும் என்று, ஒரே ஒரு கருப்பு வெள்ளை பிலிம் சுருளோடு கிளம்பியிருந்தேன்.

ஸ்டேஷன் டீக்கடைக்காரர் என்னிடம் தமிழிலும் பக்கத்தில் நின்றவரிடம் மலையாளத்திலும் ஒரே மூச்சில் பேசினார். அவரை ஒரு படம் எடுத்தேன். உடனே விறைத்து நின்றுவிட்டார். நெய்யாற்றின்கரை பஸ் பிடித்து, ஏழெட்டு கிலோமீட்டரில் அமரவிளையில் இறங்கினேன். செக்போஸ்ட்டில் வரிசையாக லாரிகள். ஆற்றங்கரைக்குப் போனால் தென்னையும் தண்ணீரும். எத்தனை காலண்டரில் பார்த்தாயிற்று. எங்கேயும் கால் தரிக்கவில்லை. வந்த பஸ்ஸில் ஏறுவதும் பிடிக்காமல் இறங்குவதுமாக இருந்தேன். முப்பத்தாறில் இருபத்தாறு தீர்ந்தது. ஒன்றுகூட என்னுடையது இல்லை என்று கழுவாமலே தெரிந்தது.

மதியத்துக்கு முன், கல்லூரிப் பிள்ளைகள் நெருக்கிய ஒரு பஸ் என்னைத் தனுவச்சபுரத்தில் இறக்கியது. புது வேட்டி கட்டிய ஒருவர் ரோட்டையே பார்த்து நின்றார். என் கழுத்தில் கேமராவைக் கண்டதும் நேரே வந்தார். பெயர் ஸ்டீபன். அருகிலிருந்த பழைய மிஷன் சர்ச்சில் அவர் தங்கை மெர்சிக்குக் கல்யாணம்.

"அப்பா மஸ்கட்டுல ஆக்கும். லீவு கிடைக்கல்ல. படத்தப் பாத்துத்தான் அவரு மவளுக்க கல்யாணம் காணணும். சொல்லி வச்ச படக்காரன இதுவர காணல்ல, அண்ணே."

கலர் இல்லை, பிளாஷ் இல்லை, பத்துப் படம்தான் இருக்கிறது என்று சொன்னேன். உள்ளது மதி, அது போதும் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். எதைவிட்டு ஓடி வந்தேனோ அதன் நடுவிலேயே போய் நின்றேன்.

உள்ளே வெளிச்சம் குறைவு. ஜன்னல்கள் மட்டும்தான்; ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும், அசைந்தால் படம் கலங்கிவிடும். யாரையும் திரும்பிப் பார்க்கச் சொல்லிப் பயனில்லை; ஆட்களின் அசைவு தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்பா இருந்திருந்தால் எங்கே நிற்பார் என்று ஸ்டீபனிடம் கேட்டேன். முதல் பெஞ்சின் ஓரத்தைக் காட்டினார். அங்கே போய் நின்றேன். அங்கிருந்து மெர்சியின் பாதி முகம்தான் தெரிந்தது. போதகர் ஜெபம் முடித்தபோது அவள் அப்பா நிற்கவேண்டிய அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். அறியாத ஆள் நிற்பதைப் பார்த்தும் கண்ணை உடனே எடுக்கவில்லை. அழுத்தினேன். தாலி கட்டும்போது, பல வருடத்துக்குப் பிறகு, எனக்குக் கை நடுங்கியது.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டீபனின் விலாசத்தை வாங்கி, என் ஸ்டுடியோ விலாசத்தையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடித்தேன். வாசலருகே நின்றபடியே வந்தேன். பிலிமில் ஒன்றும் விழுந்திருக்காது என்ற பயம் ஒரு பக்கம்; அதைவிட, விழுந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம்.

ஏழு படம் தேறியது. அனுப்பினேன். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர்கூட நேரே பார்க்கவில்லையாம். சில வாரம் கழித்து ஸ்டீபன் போன் செய்தார்.

"அப்பா மஸ்கட்டிலேந்து போன்ல விளிச்சாரு. தாலி கெட்டின படம் ஆடிப்போச்சுன்னு நான் வருத்தப்பட்டேன். 'எனக்கும் அப்ப கை வெறச்சு ஆடியிருக்கும் மக்கா'ன்னு சொன்னாரு."

போனை வைத்ததும் அந்த நெகட்டிவை எடுத்து மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

திருநெல்வேலிக் கல்யாணங்களில் இப்போதும் மேடை ஏற்றி வரிசையாக நிறுத்தித்தான் எடுக்கிறேன்; அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். மனம் அடங்கிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் வீட்டாரிடம் முதலில் ஒன்று கேட்கிறேன்: வர முடியாமல் போனவர் யார்? பெயரையும் உறவையும் சொன்னதும் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.